ஓடைக்கும் பட்டா உண்டு: பென்சில்வேனியாவில் ட்ரவுட் பிடிக்க வரும் வேலூர்க்காரர்களுக்கு

விடுமுறைக்குக் காட்பாடி வந்திருக்கிறேன். அக்கா பையன் இந்த ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் உள்ள ஸ்டேட் காலேஜுக்குப் படிக்கப் போகிறான் (ஸ்டேட் காலேஜ் என்பது ஊரின் பெயர், நம்புங்கள்). நான் இருப்பதும் அந்தப் பக்கம்தான். நேற்று சாயங்காலம் கழிஞ்சூர் ஏரிக்கரையில் நடக்கும்போது, "மாமா, அங்கே ஓடையில மீன் பிடிக்கலாமாமே, தூண்டில் எடுத்துட்டு வரட்டுமா?" என்றான். தூண்டில் கிடக்கட்டும், முதலில் இதைக் கேள் என்று ஆரம்பித்தவன் இருட்டும்வரை நிறுத்தவில்லை. அவனிடம் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். நம் பக்கத்திலிருந்து வருஷா வருஷம் வருகிறவர்களில் மீன் பைத்தியம் ஒன்றாவது இருக்கும்.

லைசென்ஸ் பெரிய விஷயமில்லை. 16 வயது ஆனவர்களுக்கு மாநில மீன்பிடி லைசென்ஸ் வேண்டும். ட்ரவுட் என்ற குளிர்ந்த நீர் மீனுக்கு அதற்குமேல் ஒரு பெர்மிட். இரண்டும் ஆன்லைனில் கிடைக்கும். எப்போது வாங்கினாலும் டிசம்பர் 31ல் முடிந்துவிடும், அதனால் அக்டோபரில் போய் வருஷ லைசென்ஸ் வாங்காதீர்கள். பண்ணையில் வளர்த்த ட்ரவுட்டை அரசு கொண்டுவந்து விடும் ஓடைகளில் ஏப்ரல் முதல் சனிக்கிழமை காலை 8 மணிக்கு சீசன் தொடங்கும். ஏழு அங்குலத்துக்குக் குறையாத மீன், நாளைக்கு ஐந்து எடுக்கலாம். முதல் நாள் கூட்டம் ரத்தினகிரியில் ஆடிக் கிருத்திகைக்கு வருகிற மாதிரி வரும். நான் அன்றைக்கு வீட்டை விட்டு இறங்குவதில்லை.

இனி என் கதை.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பாலாறோ, மலையிலிருந்து இறங்கும் கானாறோ, இரண்டு கரையிலும் யார் நிலம் இருந்தாலும் தண்ணீர் ஓடும் தடம் புறம்போக்குதான். ஏரியில் மட்டும் ஏலம் எடுத்தவர் வந்து சத்தம் போடுவார். கோடி போகிற நாளில் அவர் பேச்சையும் யாரும் கேட்பதில்லை. இந்தப் புத்தியோடுதான் நான் அங்கே போனேன். போதாததற்கு விஸ்கான்சினில் இருக்கும் ராணிப்பேட்டை நண்பன் ஒருவன் போனில், "கால் தண்ணியில இருக்கிற வரைக்கும் உன்னை யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுடா" என்று தைரியம் சொன்னான். அவன் சொன்னது பொய்யில்லை. விஸ்கான்சினில் ரோட்டுப் பாலம் போன்ற பொது இடத்தில் இறங்கி, கரையேறாமல் ஓடைக்குள்ளேயே நடந்தால் யார் நிலத்தின் நடுவிலும் மீன் பிடிக்கலாம். மான்டானாவில் 1985ல் வந்த சட்டம் இன்னும் தாராளம்.

பென்சில்வேனியாவில் அந்தப் பருப்பு வேகாது. ஒரு காலத்தில் படகும் மரத்தெப்பமும் போய்வந்த ஆறுகளின் படுகைதான் அங்கே பொதுச்சொத்து. லிட்டில் ஜூனியாட்டா ஆறு பொதுவா தனியாரா என்று வழக்கே நடந்து, 2007ல் பொது என்று தீர்ப்பு வந்தது. மற்ற சின்ன ஓடைகளின் அடித்தரை பக்கத்து நிலக்காரர் பட்டாவில் சேர்ந்துவிடும். மீன் அவருடையதில்லை. ஆனால் நீங்கள் கால் வைத்து நிற்கும் கூழாங்கல் அவருடையது.

எனக்கு இது தெரியாது. பாலத்தோரம் காரை நிறுத்தினேன். அரசு மீன் விடும் ஓடைகள் பட்டியலில் அந்த ஓடையின் பெயர் இருந்தது, லைசென்ஸ் போனில் இருந்தது, கால் தண்ணீரில் இருந்தது. மேல்நீர்ப் பக்கமாக நடந்துகொண்டே போனேன். வழியில் மரங்களில் ஊதா நிறத்தில் சின்னக் கோடுகள். பார்க்காமல் இல்லை, நன்றாகப் பார்த்தேன். ஆற்காடு ரோட்டுப் புளியமரங்களுக்கு நெடுஞ்சாலைத் துறை பட்டை அடித்து நம்பர் போடுமே, அந்த மாதிரி ஏதோ வனத்துறைக் கணக்கு என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் புளியமரங்களில் பாதியை ரோடு அகலப்படுத்துகிறேன் என்று வெட்டிவிட்டார்கள், அது வேறு வயிற்றெரிச்சல்.

அந்தக் கோட்டுக்கு அர்த்தம் "உள்ளே வராதே". 2020 ஜனவரியிலிருந்து அங்கே அது சட்டம். எட்டு அங்குல நீளம், ஒரு அங்குல அகலம், தரையிலிருந்து மூன்று முதல் ஐந்து அடி உயரத்தில், நூறு அடிக்கு மேல் இடைவெளி விடாமல் ஊதாக் கோடு போட்டிருந்தால் போர்டு வைத்ததற்குச் சமம். ஒரு எழுத்துகூட இருக்காது. நிலக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போன் போட்டுவிட்டார். திரும்பி வந்தபோது என் கார் பக்கத்தில் இன்னொரு வண்டி நின்றது. சம்மன், அப்புறம் அபராதம், கோர்ட் செலவு. காசு போனதுகூட ஆறிவிடும். அதற்குப் பிறகு நிரப்பிய விசாப் படிவங்களில் உங்கள் மேல் வழக்கு இருந்ததுண்டா என்ற கேள்வி வரும்போதெல்லாம் ஒரு ட்ரவுட்டுக்காக நான் விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது. அன்றைக்கு ஒரு மீனும் மாட்டவில்லை என்பதை அதில் எழுத இடமில்லை.

அதனால் தண்ணீரைப் பார்க்கும் முன் நிலத்தைப் பாருங்கள். நாம் பட்டா, புலப்படம் பார்ப்பதுபோல அங்கே கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நில வரைபடம் பெரும்பாலும் ஆன்லைனில் இருக்கும். ஆன்எக்ஸ் என்ற செயலியும் நிற்கிற இடத்தின் உரிமையாளர் பெயரைக் காட்டும். அரசு மீன் விடுகிறது என்பதை நம்பி மட்டும் இறங்காதீர்கள். அந்த ஓடைகளில் பல தனியார் நிலத்துக்குள்தான் ஓடுகின்றன. நிலக்காரர் இந்த வருஷம் விடுவார், அடுத்த வருஷம் மூடிவிடுவார். மாநிலக் காடும், கேம் லேண்ட்ஸ் என்று அரசு வேட்டைக்காக வைத்திருக்கும் நிலமும் நமக்குத் தோது. வேட்டைக் காலத்தில் ஆரஞ்சு உடுப்பு இல்லாமல் அங்கே நுழையாதீர்கள்.

ஸ்டேட் காலேஜ்காரர்களுக்குப் பக்கத்திலேயே ஸ்பிரிங் க்ரீக் என்ற ஓடை இருக்கிறது. பெல்ஃபான்ட் ஊருக்குப் பக்கத்தில் ஃபிஷர்மன்ஸ் பாரடைஸ் என்ற இடத்தில் கரையில் நின்று கவலையில்லாமல் தூண்டில் போடலாம். சுண்ணாம்புப் பாறை ஊற்றுத் தண்ணீர், கோடையிலும் சில்லென்று இருக்கும். இந்த ஓடையில் மீனை எடுத்துப்போகக் கூடாது, விட்டுவிட வேண்டும். 1982ல் ரசாயனக் கழிவு மீனில் ஏறியதால் வந்த தடை அது. தடை அப்படியே நிலைத்தது, இன்று அந்த ஓடையில் பழுப்பு ட்ரவுட் தானாகவே பெருகிக் கிடக்கிறது. நம் பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அப்புறம் என்ன ஆனது என்று வாணியம்பாடிக்காரரைக் கேளுங்கள்.

பென்ஸ் க்ரீக் இன்னும் பெரியது. போ பேடி என்ற மாநிலப் பூங்கா வழியாக இறங்கலாம். மே கடைசியில், இருட்டுகிற நேரத்தில் மேஃபிளை என்ற பூச்சிகள் தண்ணீரிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். முதல் மழைக்கு ட்யூப்லைட்டைச் சுற்றும் ஈசல் போலவே இருக்கும். முதல் தடவை பார்த்தபோது தூண்டிலை மறந்து, ஆயா வறுத்துத் தரும் ஈசல் பொரியை நினைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்திலிருந்தவர் அதற்குள் இரண்டு மீன் இழுத்துவிட்டார்.

பிடிக்கும் முறையும் வேறு. நம் ஏரியில் தக்கையைப் போட்டுவிட்டு விராலுக்கு உட்கார்ந்திருப்போம். முதல் சீசன் முழுக்க நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும், மேல்நீரிலிருந்து மிதந்து வரும் பூச்சியைத் தின்னும். அதனால் கீழ்நீரிலிருந்து, பின்பக்கமாக, நிழல் விழாமல் போக வேண்டும். சலசலப்பு முடிந்து ஆழம் தொடங்கும் இடமும், பெரிய கல்லுக்குப் பின்னாலும் பாருங்கள். தண்ணீர் சூடு 20 டிகிரியைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். அந்தச் சூட்டில் பிடித்துத் திரும்ப விட்டாலும் மீன் பிழைப்பது கஷ்டம். எடுக்க அனுமதி உள்ள இடத்தில் கிடைத்தால் வறுவல் போடுங்கள். குழம்பில் போட்டால் புளிதான் தெரியும், மீன் தெரியாது.

தனியார் ஓடைதான் வேண்டும் என்றால் கதவைத் தட்டிக் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள், தூண்டிலைக் காரிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பென்ஸ் வேலி என்ற பள்ளத்தாக்கில் ஆமிஷ் (பழைய முறையிலேயே வாழும் கிறிஸ்தவப் பிரிவு) விவசாயி ஒருவர் நான் கேட்ட உடனே, வேலிக் கதவை மட்டும் சாத்திவிடு என்றார். அடுத்த தடவை ஊரிலிருந்து திரும்பியதும் ஆற்காடு மக்கன் பேடா ஒரு டப்பா கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு பாட்டில் மேப்பிள் சிரப்பை எடுத்து வந்து கொடுத்தார். இந்தத் தடவைக்கும் டப்பா சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் அங்கே இருப்பேன். ஓடையில் இறங்கப் போடும் ரப்பர் கால்சட்டையும் பூட்ஸும் விலை அதிகம், வந்ததும் வாங்கிவிடாதீர்கள். என்னிடம் ஒரு ஜோடி சும்மா கிடக்கிறது, ஒன்பதாம் நம்பர்.