கடலில் இறங்கும் முன் மிதக்கப் பழகுங்கள்

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பார்க் கடற்கரைப் பக்கம் போனால், ஊர்க் கிணற்றில் நீந்திய தைரியத்தில் நேராகக் கடலில் இறங்கும் நம் தம்பிகளைப் பார்க்கலாம். கிணற்றில் நாலு கை போட்டால் படி வந்துவிடும். கடலில் களைத்துப்போனால் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. அதனால் நீச்சல் தெரிந்தவர்களும் சரி, தெரியாதவர்களும் சரி, முதலில் மிதக்கப் பழகுங்கள்.

படி 1: குளத்தில் மிதப்பது

உயிர்காப்பாளர் இருக்கும் பொது நீச்சல் குளத்துக்கு, நீந்தத் தெரிந்த ஒருவரோடு போங்கள். இடுப்பளவுத் தண்ணீரில் மூச்சை நன்றாக இழுத்து, மெல்ல மல்லாந்து சாயுங்கள். கூட வந்தவர் உங்கள் முதுகுக்கு அடியில் கை வைத்திருக்கட்டும். இரண்டு காதும் தண்ணீருக்குள் போக வேண்டும். பலரும் தடுமாறுவது இங்கேதான். காதில் தண்ணீர் பட்டதும் தலையைத் தூக்குவார்கள், உடனே இடுப்பு இறங்கிவிடும். முகவாய் மேலே பார்க்கட்டும், கைகள் பக்கவாட்டில் விரியட்டும். கால் தாழ்ந்தால் பரவாயில்லை. மூச்சை முழுக்க விட்டுவிடாமல் நெஞ்சில் கொஞ்சம் காற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

எழுவதற்கு முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து, தலையை முன்னால் கொண்டுவந்து, கைகளால் தண்ணீரைக் கீழே அழுத்துங்கள். பாதம் தரையைத் தொட்டுவிடும். யாரும் பிடிக்காமல் பதற்றமின்றி மிதக்க வரும்வரை கடல் வேண்டாம்.

மின்னல் எச்சரிக்கை வந்தால் உடனே ஏறிக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

படி 2: இடத்தைப் பார்ப்பது

மெக்ரிட்சி, பிடோக் போன்ற நீர்த்தேக்கங்களில் நீந்த அனுமதி இல்லை. பெரிய கால்வாய்களில் மழை பெய்தால் தண்ணீர் மளமளவென்று ஏறும், இறங்கவே கூடாது. கடற்கரையில் அறிவிப்புப் பலகையை முதலில் படியுங்கள். ஜெல்லிமீன் எச்சரிக்கை இருந்தால் திரும்பிவிடுங்கள். அலைத்தடுப்புக் கற்கள் வழுக்கும், அவற்றின் அருகே நீரோட்டமும் இருக்கும். காலையில் நின்ற இடத்தில் மாலையில் ஆழம் அதிகமாக இருக்கலாம், கடல்மட்டம் ஏறி இறங்கும் நேரத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு இறங்க வேண்டாம். குடித்திருந்தால் எந்த நேரத்திலும் வேண்டாம்.

படி 3: நீரோட்டம் இழுத்தால்

எதிர்த்து நீந்தாதீர்கள், சீக்கிரம் களைத்துவிடும். மல்லாந்து மிதந்து, ஒரு கையைத் தூக்கி உதவி கேளுங்கள். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள்.

படி 4: இன்னொருவர் தத்தளித்தால்

மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்துவதில்லை, மூச்சு வாங்கவே நேரம் இருக்காது. தலை பின்னால் சாய்ந்திருக்கும், வாய் நீர்மட்டத்தில் மூழ்கி மூழ்கி எழும், கண் எதையும் பார்க்காது. பிள்ளைகளும் இப்படித்தான் சத்தமில்லாமல் மூழ்குவார்கள். கையில் மாட்டும் காற்று மிதவையை நம்பாமல், கை எட்டும் தூரத்தில் இருங்கள்.

தண்ணீரில் குதிக்காதீர்கள். பதறுகிறவர் உங்களையும் சேர்த்து அமுக்கிவிடுவார். ஆம்புலன்ஸுக்கான 995 எண்ணை அழைக்கச் சொல்லிவிட்டு, கரையில் உள்ள உயிர்காப்பு மிதவையை எறியுங்கள். இல்லாவிட்டால் மூடி இறுக்கிய காலி பாட்டில், ஐஸ் பெட்டி, எது மிதக்குமோ அது. கரையேறியவர் மூச்சு விடவில்லை என்றால் சிபிஆர் (நெஞ்சை அழுத்தி, வாயால் மூச்சு கொடுக்கும் முதலுதவி) தெரிந்தவர் உடனே தொடங்க வேண்டும். நன்றாகப் பேசினாலும் இருமல் நிற்காவிட்டால் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.