சுட்டி அனுப்பும் முறை

இணையத்தில் உலவும்போது கண்ணில் பட்ட நல்ல தளத்தையோ, பயனுள்ள கருவியையோ, ஒரு செய்தியையோ பிறருக்கு அனுப்புபவர்களில் பலர், முகவரிப் பட்டையில் உள்ள சுட்டியை (லிங்க்) அப்படியே நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிவிட்டு அத்துடன் வேலை முடிந்ததாக எண்ணுகிறார்கள். நீங்கள் பார்த்த அதே இடத்துக்குப் பெறுபவரும் சிரமமின்றி வந்துசேர வேண்டுமென்றால், அனுப்புவதற்கு முன் இரண்டு நிமிடம் செலவிட வேண்டும்.

முதலில் சுட்டியின் வாலை நறுக்குங்கள். முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் ‘யுடிஎம்’ என்று தொடங்கும் பகுதிகளும், ஃபேஸ்புக் சேர்க்கும் ‘எஃப்பிகிளிட்’ (fbclid) என்ற பகுதியும், வாசகர் எந்த வழியாக வந்தார் என்று கணக்கெடுப்பதற்காக ஒட்டப்பட்டவை. அவற்றை நீக்கினாலும் பக்கம் திறக்கும். ஆனால் கேள்விக்குறியைக் கண்டவுடன் கத்தரியை எடுத்துவிடக் கூடாது. யூடியூபின் முழு முகவரியில் கேள்விக்குறியை அடுத்து ‘வி’ என்ற ஆங்கில எழுத்தும் சமக்குறியும் தொடர்ந்து 11 குறிகளும் வரும்; அந்த 11 குறிகள்தாம் காணொளியின் அடையாளம் என்பதால், அவற்றை வெட்டினால் காணொளியே காணாமல் போகும். பகிர்வுப் பொத்தானை அழுத்தும்போது சேரும் ‘எஸ்ஐ’ என்ற பகுதியை மட்டும் அழித்தால் போதும். நறுக்கிய சுட்டியை உலாவியின் மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் கணக்கில் நுழைந்திருப்பதால் மட்டும் உங்களுக்குத் திறக்கும் பக்கம் எது என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

தமிழ் முகவரிகளுக்குத் தனித் தொல்லை உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் ‘தமிழ்’ என்ற கட்டுரையின் முகவரியை நகலெடுத்து ஒட்டினால், அந்த ஒரு சொல் பெரும்பாலும் விழுக்காட்டுக் குறிகள் நிறைந்த 45 குறிகளாக விரியும். நமக்கு மூன்று எழுத்தாகத் தெரியும் அச்சொல், கணினிக்குத் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து அலகுகள். ஒவ்வோர் அலகும் மூன்று பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று குறிகளாக எழுதப்படுகிறது. பிழை ஏதுமில்லை என்றாலும், பார்ப்பவர் ஏதோ மோசடிச் சுட்டி என்று அஞ்சித் தொடாமல் விட்டுவிடுவார். விக்கிப்பீடியாவின் கருவிகள் பட்டியலில் முகவரியைச் சுருக்கித் தரும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். மற்ற இடங்களில் பொதுவான சுருக்கிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். போகுமிடம் எதுவென்று அவை மறைப்பது ஒரு குறை. சுருக்கியை நடத்துபவர் கடையை மூடினால் சுட்டியும் செத்துவிடும் என்பது அதைவிடப் பெரிய குறை. 2009இல் தொடங்கிய கூகுளின் சுருக்கி, 2019இல் புதிய சுட்டிகள் தருவதையே நிறுத்திக்கொண்டது.

நீண்ட பக்கமானால் இடத்தையும் காட்டுங்கள். குரோம் உலாவியில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து வலச்சொடுக்கினால், அவ்வரிக்கே நேராகக் கொண்டுபோகும் சுட்டி கிடைக்கும். ஒரு மணி நேரக் காணொளியில் உங்களைக் கவர்ந்தது இரண்டு நிமிடம்தான் என்றால், அது தொடங்கும் நேரத்தையும் சுட்டியில் சேர்த்து அனுப்புங்கள்.

செய்தியைப் பகிரும்போது தேதியைப் பார்ப்பது கட்டாயம். கனமழையால் பள்ளிகளுக்கு விடுமுறை என்ற செய்தியை ஒரு மழை இரவில் நான் குடும்பக் குழுவில் போட்டேன். அது மூன்று ஆண்டுகளுக்கு முந்தையது என்பதை மறுநாள் காலை ஏழு மணிக்கு, பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்த அக்கா சொல்லித்தான் அறிந்தேன். முன்னோட்டப் படமும் தலைப்பும் தேதியைக் காட்டுவதில்லை. பக்கத்தைத் திறந்து பார்த்து, தேதியை நீங்களே செய்தியில் எழுதிவிடுங்கள்.

சுட்டியுடன் உங்கள் சொந்தச் சொற்களில் இரண்டு வரியாவது இருக்க வேண்டும். ‘அருமையான தளம், பாருங்கள்’ என்பது எதையும் சொல்வதில்லை. ‘மதுரைத் திட்டம்: 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வரும் தமிழ் நூல்கள், பதிவிறக்கம் இலவசம், கணக்குத் தொடங்கத் தேவையில்லை’ என்று எழுதினால், வேண்டியவர் திறப்பார், வேண்டாதவர் கடந்து போவார். கருவி என்றால் கட்டணம் உண்டா, என்னென்ன அனுமதிகளைக் கேட்கிறது என்பவற்றையும், நீங்கள் பயன்படுத்திப் பார்த்தீர்களா என்பதையும் குறிப்பிடுங்கள்.

முக்கியமான பக்கமானால், சான் பிரான்சிஸ்கோவில் 1996இல் தொடங்கப்பட்ட இணைய ஆவணகத்தின், வலைப்பக்கங்களின் படிகளைக் காத்துவைக்கும் வேபேக் மெஷினில் முகவரியைக் கொடுத்து ஒரு படி சேமித்து, மூலச் சுட்டியோடு அதையும் அனுப்புங்கள். எல்லாப் பக்கமும் அங்கே ஒழுங்காகப் பதிவாவதில்லை. படியைத் திறந்து சரிபார்த்துவிடுங்கள். உங்களுக்காகச் சேர்த்துவைக்கும் சுட்டிகளையும் ஒரே சேவையிடம் ஒப்படைக்க வேண்டாம். பல தளங்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது, பக்கங்களைப் பிறகு படிக்கச் சேமித்துவைக்கும் பாக்கெட் 2025 ஜூலையில். நான் தேதி, சுட்டி, இரண்டு வரிக் குறிப்பு, யாருக்கு அனுப்பினேன் என்ற நான்கு பத்திகள் கொண்ட ஒரு விரிதாளைக் கணினியிலேயே வைத்திருக்கிறேன். விடுமுறைச் செய்திக்கு எதிரே அக்காவின் பெயர் இன்னும் இருக்கிறது.