பழைய வீட்டை இடிக்க முதல்: திருகோணமலையில் பலர் விடும் தவறுகள்

அம்மாவின் வீட்டை இடித்து முடிக்க ஒரு பகல்கூடத் தேவைப்படவில்லை. காலை ஏழு மணிக்கு பெக்கோ இயந்திரம் வந்தது. பின்னேரத் தேத்தண்ணி ஊற்றும்போது வீடு நின்ற இடத்தில் கல்லும் மண்ணும் குவிந்து கிடந்தன. அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் அந்த வெறும் காணிக்குள் நின்று நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்ட கேள்விகள் பல. கிணற்றிலிருந்து மலகூடக் குழி எத்தனை அடி தள்ளி இருந்தது? மாரி வெள்ளம் எந்தப் படி வரைக்கும் ஏறும்? பக்கத்து வளவு எல்லை எங்கள் குசினிச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம்? சுவர் நின்றிருந்தால் ஒரு அளவு நாடாவோடு அரை மணித்தியாலத்தில் எல்லாவற்றுக்கும் விடை கிடைத்திருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், பழைய வீட்டை உடைத்துத் தங்கள் விருப்பப்படி புதிது கட்டுகிறவர்கள் விடும் பெரிய தவறுகள் அநேகமாக பெக்கோ படலைக்குள் நுழைய முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. முதல் தவறு, உடைக்கத்தான் வேண்டுமா என்று கேட்காமல் விடுவது. கூரை ஒழுகுவதும் பூச்சு உதிர்வதும் வீடு செத்துவிட்டதன் அடையாளம் அல்ல. அத்திவாரம் இறங்கியிருக்கிறதா, சுவர் நிலைக்குத்தாக நிற்கிறதா, வெடிப்பு வளர்கிறதா என்று ஒரு பொறியியலாளரைக் கூட்டிவந்து காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் காசு பிறகு வரப்போகும் செலவில் ஒரு தூசு.

உறுதியும் எல்லையும்

வீடு அம்மாவுடையது என்று ஊருக்கே தெரியும். ஆனால் காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், தாத்தாவின் பெயரில் இருக்கும், அல்லது ஐந்து சகோதரருக்குப் பிரிக்காத பங்காக இருக்கும். பழைய வீட்டில் குடியிருக்கும் வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். புது வீட்டுக்கு அத்திவாரம் வெட்டினால்தான் வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பாவின் மகனுக்குத் தன் பங்கு நினைவுக்கு வரும். வங்கிக் கடன் எடுப்பதாக இருந்தால் இது இன்னும் சிக்கல், உறுதி சுத்தமில்லாத காணியை வங்கி ஈடாக எடுக்காது. நம் மாவட்டத்தில் பலருடைய காணி உறுதிக் காணியே அல்ல, அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி. அப்படியென்றால் முதலில் பிரதேச செயலகத்தில் காணிப் பிரிவில் பேசிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

வீடு நிற்கும்போதே நில அளவையாளரைக் கூப்பிட்டு எல்லைக் கல்லைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பழைய உறுதிகளில் எல்லையாக எழுதியிருக்கும் பனையும் வேலியும் இப்போது இருக்காது. மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அந்தப் பழைய சுவர்தான். அதை உடைத்த பிறகு அயலவரோடு அரை அடிக்காக முகம் முறித்துக்கொண்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

வீதிக்கோடு, கடற்கோடு

இதுதான் பலரைத் தூக்கிவாரிப் போடும் இடம். உங்கள் பழைய வீட்டு விறாந்தை வீதியை முட்டிக்கொண்டு நிற்கிறது என்று வையுங்கள். அது அந்தக் காலத்தில் கட்டியது, நின்றபடி நிற்கலாம். உடைத்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். புதிய வீடு இன்றைய வீதிக்கோட்டுக்கும் (வீதிக்கென்று ஒதுக்கிய இடத்தின் எல்லை) கட்டட எல்லைக்கும் (கட்டடம் தாண்டக் கூடாத கோடு) உள்ளேதான் எழும்ப வேண்டும். ஆகவே உள்ளூராட்சிச் சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுக்காமல் வீட்டுப் படம் கீறுவது வீண் வேலை. நகரத்துக்குள் ஒரு சபை, வெளியே பட்டினமும் சூழலும் பிரதேச சபை, இன்னும் தள்ளிப் போனால் வேறு சபைகள். சோலைவரிப் பற்றுச்சீட்டைப் பார்த்தால் நீங்கள் யாருக்குள் வருகிறீர்கள் என்று தெரியும்.

வீதிப் பக்கம் விட்டது போதாதென்று பின்பக்கமும் ஏறத்தாழ ஏழரை அடி திறந்த வெளி விட வேண்டும். காணியில் சுமார் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கட்டடம் மூடக் கூடாது. ஒரு பேர்ச் 272 சதுர அடி, பத்துப் பேர்ச் காணியில் நிலத்தில் கிடைப்பது ஆயிரத்து எண்ணூறு சதுர அடி அளவுதான். அதற்குள் வாகனக் கொட்டிலும் நான்கு அறையும் கேட்டால் படவரைஞர் என்ன செய்வார்? மாடி போடுவார். மாடி போட்டால் செலவும் ஏறும், அம்மாவின் முழங்கால் நோவும் ஏறும்.

திருக்கடலூர், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் காணி உள்ளவர்களுக்குத் தாண்ட வேண்டிய இன்னொரு வாசல் உண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து (கடல் பெருகும்போது வழமையாக ஏறும் எல்லை) தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். கடலோடு தொடுப்புள்ள களப்பு ஓரங்களில் அந்த எல்லை இன்னும் உள்ளே போகும். அந்த வலயத்துக்குள் கட்ட கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தனியாக வேண்டும். பழைய வீடு அங்கேதானே நின்றது என்ற நியாயம் எடுபடாது. பிரட்றிக் கோட்டை போன்ற தொல்லியல் இடங்களுக்குக் கிட்ட இருப்பவர்கள் தொல்லியல் திணைக்களத்தையும் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

கட்டட அனுமதி பொதுவாக ஒரு வருடத்துக்குத்தான் செல்லுபடி, பிறகு நீடிக்க வேண்டும். கையில் காசு இல்லாத காலத்தில் அனுமதியை மட்டும் எடுத்து அலுமாரியில் வைத்தால் அது தானாகவே காலாவதியாகும். அனுமதி வராமலே வீட்டை உடைத்துவிட்டு வாடகை வீட்டில் மாதக்கணக்கில் காத்திருப்பது அதைவிட மோசம்.

உடைக்கும் நாள்

உடைப்பவர்களோடு பேசும் முறையே பல வீடுகளில் பிழை. 'சாமான் எல்லாம் உங்களுக்கு, கூலி வேண்டாம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். கூரையைத் தாங்கும் பாலை மர வளை, முதிரை நிலை, தேக்குக் கதவு, நல்ல ஓடு, இதெல்லாம் இன்று புதிதாக வாங்க முடியாத விலை. எங்கள் வீட்டு முன்கதவை அப்படித்தான் விட்டோம். சில காலம் கழித்து நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதியில் அதே வேலைப்பாட்டோடு ஒரு பலகையை மேசையாகப் போட்டிருந்தார்கள். அம்மாவின் கதவுதான் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் தேத்தண்ணி இறங்கவில்லை. எதை வைத்துக்கொள்கிறோம் என்று பட்டியல் எழுதி, அவற்றைக் கையால் கழற்றச் சொல்லி, அதன் பிறகு பெக்கோவை விடுங்கள். மரத்தை வேறு இடத்துக்கு ஏற்றுவதாக இருந்தால் வழி அனுமதி தேவையா என்று முதலில் கேட்டுவிடுங்கள். பாரவூர்தியை மறித்த பிறகு கேட்பது வேறு கதை.

அஸ்பெஸ்டஸ் சீற் கூரை என்றால் இந்த ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நீல அஸ்பெஸ்டஸ் இலங்கையில் 1987இலேயே தடை செய்யப்பட்டது. நம் கூரைகளில் உள்ளது பெரும்பாலும் வெள்ளை வகை. அது பரவாயில்லை என்று நினைக்காதீர்கள், எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சீற் சும்மா கிடக்கும்போது ஆபத்து குறைவு. சுத்தியலால் உடைக்கும்போதும் வாளால் அறுக்கும்போதும் பறக்கும் தூசுதான் எமன். தண்ணீர் அடித்து நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுச் சீற்றாக இறக்க வேண்டும். இறக்குகிறவருக்கு நல்ல முகமூடி வேண்டும், முகத்தில் சுற்றிய துவாய் போதாது. பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. மிஞ்சிய துண்டுகளைக் கோழிக்கூட்டுக்கு மேல் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

பழைய மலகூடக் குழியை மறந்துவிடாதீர்கள். நாற்பது வருட வீட்டில் ஒன்றல்ல, இரண்டு மூன்று குழி இருக்கும். நிறைந்ததும் மூடிவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று வெட்டியிருப்பார்கள். அவை எங்கே என்று வீட்டில் மூத்தவர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளாமல் விட்டால், புது வீட்டின் தூண் ஒன்று சரியாக அதன் மேல்தான் வந்து நிற்கும். கண்டுபிடித்தால் கழிவை அகற்றி, அடுக்கடுக்காக மண் போட்டு இறுக்க வேண்டும், அல்லது தூணை நகர்த்த வேண்டும். புதிய குழியைக் கிணற்றிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளி வையுங்கள். கரையோரத்து மணல் நிலத்தில் தண்ணீர் மேலாகவே கிடக்கிறது, கழிவும் அதே வேகத்தில் ஓடும்.

இடிபாட்டை உள் நிரவலுக்குப் போடலாம், நல்லதுதான். ஆனால் அதற்குள் மரத்துண்டும் வேரும் கிடந்தால் கறையானுக்கு நாமே விருந்து வைக்கிறோம். அயல்வீட்டுச் சுவரில் ஏற்கனவே இருக்கும் வெடிப்புகளை உடைப்புக்கு முதல் நாள் அவர்களையும் வைத்துக்கொண்டு படம் எடுத்து வையுங்கள். மின்மானியையும் தண்ணீர் மானியையும் துண்டித்துவிடாமல் காணி ஓரத்துக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பியுங்கள், வேலைக்குக் கரண்டும் தண்ணியும் வேண்டும் அல்லவா.

படம் எங்கிருந்து வந்தது?

விருப்பப்படி வீடு என்றால் யாருடைய விருப்பம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புவார். தட்டைக் கூரை, தாவாரமே இல்லாத சுவர், நிலத்திலிருந்து கூரை வரை கண்ணாடி. பார்க்க வடிவுதான். திருகோணமலையில் மாரி மழை நேராக விழுவதில்லை, வாடைக் காற்றோடு வடகிழக்கிலிருந்து சாய்ந்து வந்து சுவரில் அறையும். தாவாரம் இல்லாத ஜன்னல் மார்கழியில் அழும். வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்தில் அதே கண்ணாடி மேற்கே பார்த்திருந்தால் பின்னேரம் அந்த அறைக்குள் ஆள் இருக்க முடியாது.

பழைய வீட்டில் ஒரு வருடம் முழுக்க இருந்தவரிடம் இதற்கெல்லாம் விடை உண்டு. எந்த அறையில் மத்தியானம் படுப்பீர்கள், எந்த ஜன்னலை மாரியில் திறப்பதே இல்லை, முற்றத்தில் தண்ணீர் எங்கே தேங்கும் என்று அம்மாவைக் கேளுங்கள். ஊர்ப்பெயரும் கொஞ்சம் சொல்லும். பாலையூற்று, சாம்பல்தீவு என்று பெயர் வைத்தவர்கள் தண்ணீரைப் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள். நில மட்டத்தை வீதி மட்டத்தோடு ஒப்பிட்டுத் தீர்மானியுங்கள். வீதிக்குத் தார் போடும்போதெல்லாம் அது உயர்ந்துகொண்டே போகிறது, வீடு உயராது.

கூரையைச் சுவரோடு கட்டுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். 1964 டிசம்பர்ப் புயலைக் கண்ட முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கேதான் கரையேறியது. புயல் கூரையை அமுக்குவதில்லை, மேலே தூக்கும். வளை உட்கார்ந்திருந்தால் மட்டும் போதாது, மேல் பீமுக்குள் போட்ட போல்ற்றால் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும்.

கீழ்த்தளத்தில் ஒரு அறையும் அதோடு ஒட்டிய குளியலறையும் கட்டாயம். மனையடி சாஸ்திரம் பார்ப்பவர்கள் பார்க்கட்டும், ஆனால் படத்துக்கு அனுமதி எடுத்த பிறகு பார்த்துவிட்டு குசினியை மாற்றாதீர்கள். மாற்றினால் மறுபடி சபை, மறுபடி கட்டணம்.

உப்பு

சீனக்குடாவிலேயே சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது, சீமெந்துக்குக் குறைவில்லை. நம்மிடம் குறைவது உப்பில்லாத மணலும் தண்ணீரும். அம்மாவின் வீட்டுச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் எழும்பியது, உள்ளே இரும்பே இல்லை. அதனால் கடல் காற்றை அறுபது வருடம் தாங்கியது. நாம் கட்டுவது கம்பி வைத்த கொங்கிறீற். உப்பு கம்பியைத் தொட்டால் துரு, துரு பருத்தால் கொங்கிறீற் வெடிப்பு. பத்துப் பதினைந்து வருடத்தில் சிலாப் அடிப்பக்கம் பொருக்குப் பொருக்காக விழும் வீடுகள் கரையோரத்தில் ஏராளம்.

கடல் மணல் கலக்கவே கூடாது. மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுகிறது, ஆற்று மணல் என்று விற்பதும் முகத்துவாரத்துக்குக் கிட்ட அள்ளியதாக இருந்தால் உப்பாக இருக்கலாம். எங்கே அள்ளியது என்று கேளுங்கள், அனுமதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். கிணற்றுத் தண்ணீர் நாக்கில் கரித்தால் அதில் கொங்கிறீற் குழைக்காதீர்கள், பவுசரில் வாங்குங்கள். கம்பிக்கு வெளியே ஒன்றரை அங்குலம், கடலுக்குக் கிட்ட என்றால் இரண்டு அங்குலம் கொங்கிறீற் மூடியிருக்க வேண்டும். அதற்குக் கவர் புளொக் (கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சிறு கொங்கிறீற் கட்டை) வைக்கிறார்களா என்று சிலாப் போடும் நாளில் நேரில் நின்று பாருங்கள், உடைந்த ஓட்டுத் துண்டு சரிவராது. பிறகு ஏழு நாளாவது தண்ணீர் கட்டி வையுங்கள். கச்சான் வீசும்போது காலையில் ஊற்றியது பத்து மணிக்கே காய்ந்துவிடும், ஈரச் சாக்கு போட்டு மூடினால்தான் நிற்கும்.

மேசன்மாரோடு கொந்தராத்து பேசும்போது காசை மாதக் கணக்கில் கொடுக்காமல் வேலை முடிந்த கட்டத்தைப் பார்த்துக் கொடுங்கள். அத்திவாரம், லின்ரல் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் பீம்), கூரை, பூச்சு என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். எங்களுக்கு லின்ரல் மட்டத்தில் கூரைக்கான காசும் போய்விட்டிருந்தது. அவர் நல்ல மனிதர்தான், நம் காசை வேறொரு வீட்டில் போட்டுவிட்டார்.

நாள்

மாரியில் உடைத்தால் சேறு, மார்கழியில் நாளும் இல்லை. தைப்பொங்கல் கழிய உடைத்து, மாசியில் அத்திவாரக் கல் வைத்தால், ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏறக் காலம் இருக்கும். நடுவில் சித்திரை வருடப்பிறப்புக்கு வேலையாட்கள் ஊருக்குப் போனால் இரண்டு கிழமை திரும்ப மாட்டார்கள், அதையும் கணக்கில் சேருங்கள்.

குடிபூரலுக்கு நாள் குறிக்க முதல், அனுமதித்த படத்தின்படியே கட்டியிருக்கிறது என்று சபை தரும் இணக்கச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். சட்டப்படி அது கையில் வந்த பிறகுதான் குடியேறலாம். நாங்கள் பால் காய்ச்சி நான்கு மாதம் கழித்துத்தான் அதற்குப் போனோம். போனபோது பின்பக்கம் குசினியோடு ஒட்டிப் போட்ட தகரக் கொட்டில் அந்த ஏழரை அடிக்குள் நின்றது. கழற்றச் சொன்னார்கள். கழற்றினோம்.