விலங்கு செதுக்கிய பழைய இஸ்லாமியக் கண்ணாடி: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

9, 10-ஆம் நூற்றாண்டுகளில் ஈரானிலும் எகிப்திலும் தடிமனாக ஊதிய கண்ணாடியை ஆறவைத்து, சாணைச் சக்கரத்தால் பின்னணி முழுவதையும் தேய்த்தெடுத்து, முயலையும் ஆட்டையும் பறவையையும் புடைப்பாக நிறுத்தினார்கள். இவற்றைப் படிக்க வருகிறவர்கள் ஆண்டுதோறும் அதே இடங்களில்தான் வழுக்குகிறார்கள். கவனமாகத் தூக்குங்கள் என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்படிகம் (இயற்கையான படிகக் கல்) என்று அவசரப்படுவது

வெனிஸ் சான் மார்கோ தேவாலயக் கருவூலத்தில், எகிப்தை ஆண்ட பாத்திமிய கலீபா அல்-அஜீஸ் (975–996) பெயர் பொறித்த, சிங்கங்கள் செதுக்கிய கூஜா அசல் ஸ்படிகம். நிறமற்ற கண்ணாடியிலும் அதே பாணியில் வெட்டினார்கள் என்பதால் வேலைப்பாட்டை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள். உள்ளே உருண்டைக் குமிழி தெரிந்தால் அது கண்ணாடி.

தேய்த்துக் கழுவுவது

மண்ணில் கிடந்த சில்லின் மேல் வானவில் மாதிரி மினுங்கும் படலத்தை அழுக்கு என்று நினைக்கிறார்கள். அது அழுக்கே இல்லை. ஈரம் கண்ணாடியிலிருந்த சோடாவைக் கரைத்துக்கொண்டு போன பிறகு மிஞ்சிய சிலிக்கா அடுக்கு அது, அதாவது அந்தக் கைவினைஞர் சக்கரத்தை வைத்த அதே மேற்பரப்பு. ஓர் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர், படம் பளிச்சென்று வர வேண்டும் என்று, முயல் காது இருந்த சில்லைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டார். நான் போவதற்குள் காதின் விளிம்பில் குறுக்காக வெட்டியிருந்த மெல்லிய வரிகளில் பாதி செதில் செதிலாகத் தட்டில் கிடந்தது. சக்கரம் எந்தப் பக்கமாக ஓடியது, இது வெட்டியதா அச்சில் ஊதியதா என்பதற்கெல்லாம் சாட்சி அந்த வரிகள்தான், போனால் போனதுதான். "இப்போ நல்லா தெரியுதுல்ல?" என்று அவர் காட்டியதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

முதலில் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து, உருப்பெருக்கியில் பார்த்து, படமெடுங்கள். படலம் உதிர்வது தெரிந்தால் தண்ணீரோ பிரஷ்ஷோ வேண்டாம், பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் அப்படியே கொடுத்துவிடுங்கள்.

நிறக்கோட்டை ஒட்டவைத்தது என்று எழுதுவது

கி.பி. 1000 வாக்கில் செய்த, இப்போது அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தில் இருக்கும் கார்னிங் கூஜாவில் நிறமற்ற உடலுக்கு மேல் பச்சைக் கண்ணாடிப் போர்வை இருந்தது. வேண்டாத பச்சையை எல்லாம் தேய்த்து எடுத்துவிட்டு விட்டுவைத்ததுதான் அந்தக் கோடுகள்.

ஹெட்விக் குவளைகளை இதோடு சேர்ப்பது

புனித ஹெட்விக்கின் பெயரால் அழைக்கப்படும் தடித்த வெட்டுக் கண்ணாடிக் குவளைகள் இவை. சிங்கமும் கழுகும் இருக்கட்டும், இவற்றின் காலம் பிந்தியது.

விலங்கை வைத்து ஊரைச் சொல்வது

கார்னிங் கூஜாவுக்கே ஈரானா எகிப்தா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.