வேட்டை ரைஃபிளுக்குக் குழல் நீளம்: ஆர்டர் கொடுக்கும்போது கோட்டை விடும் இடங்கள்

நவம்பர் மாதம், தென்மேற்குக் கொலராடோ மலை. முந்தைய நாள் பெய்த பனி கணுக்கால் வரை கிடந்தது. ஆஸ்பென் மரங்களுக்கு இடையே, நூற்றிருபது கஜ தூரத்தில், ஒரு ஆண் எல்க் மான் பக்கவாட்டில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. தோளில் மாட்டியிருந்த ரைஃபிளை மெதுவாகக் கழற்றினேன். என் தலைக்கு மேல் இரண்டு சாண் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த சப்ரஸரின் (குழல் வாயில் மாட்டும், சத்தம் குறைக்கும் உருளை) நுனி, காய்ந்த கிளை ஒன்றில் இடித்து ‘டொக்’ என்றது. மான் தலையைத் தூக்கியது. அப்புறம் அங்கே மரங்கள் மட்டும்தான் இருந்தன.

ஆயிரம் கஜம் சுட வேண்டும் என்று சொல்லிச் செய்வித்த துப்பாக்கி அது. நூற்றிருபது கஜத்தில் காலை வாரிவிட்டது. குழல் 26 அங்குலம், சப்ரஸர் 8 அங்குலம். தோளில் பதியும் கட்டையின் அடியிலிருந்து நுனி வரை அளந்தால் நாலரை அடிக்குக் கொஞ்சம் மேல்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று இப்படி ஒரு வேட்டைக்கு இடமில்லை. நான் சொல்வது அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் உரிமம் வாங்கி, குறிப்பிட்ட வாரங்களில் மட்டும் போகிற எல்க், மான் வேட்டையை. கடையில் ரெடிமேடாக வாங்கினால் குழல் எவ்வளவு நீளம் என்பதைக் கம்பெனி முடிவு செய்திருக்கும். கஸ்டம் ரைஃபிள் என்றால் ஆர்டர் தாளில் அந்தக் கட்டத்தை நாம்தான் நிரப்ப வேண்டும். அங்கேதான் என்னைப் போலப் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

நீளமான குழல் என்றால் குறி தப்பாது என்ற நம்பிக்கையிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் கிளைக்கின்றன. ஸ்கோப் என்கிற குறிபார்க்கும் தொலைநோக்கி இல்லாத காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பிளவு, குழல் நுனியில் ஒரு முள், இரண்டையும் ஒன்றாக்கித்தான் குறி வைக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே தூரம் கூடினால் பிழை குறையும், அதனால் நீளமான குழல் நல்ல குழல். ஸ்கோப் வந்ததும் அந்தக் காரணம் போய்விட்டது. நம்பிக்கை மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

உண்மையில் கணக்கு எதிர்ப்பக்கம் சாய்கிறது. ஒரு முனையை இறுகப் பிடித்த கம்பி எவ்வளவு வளையும் என்பது அதன் நீளத்தின் மும்மடியைப் பொறுத்தது. தடிமன் ஒன்றே என்றால் 26 அங்குலக் குழல், 20 அங்குலக் குழலைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வளைந்துகொடுக்கும். முருங்கைக்காய் பறிக்கத் துறட்டிக்கோல் பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் கோலின் நுனியில் அரைக் கிலோ சப்ரஸரையும் மாட்டிவிட்டு, மூச்சு வாங்க மலையேறி வந்து, முதுகுப்பையின் மேல் வைத்துக் குறி பார்ப்பதை யோசித்துப் பாருங்கள்.

சரி, நீளம் கூடினால் என்னதான் கிடைக்கும்? வேகம். வெடிமருந்து எரிந்து உண்டான வாயு குண்டை இன்னும் கொஞ்ச தூரம் தள்ளும், அவ்வளவுதான். 6.5 கிரீட்மோர் மாதிரி நடுத்தரத் தோட்டாவில் ஒரு அங்குலத்துக்கு வினாடிக்கு 15 முதல் 20 அடி வரை வேகம் கூடும். 7 மி.மீ. பி.ஆர்.சி., 300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற பெரிய தோட்டாக்களில் 25 முதல் 30 அடி வரை என்று வைத்துக்கொள்ளலாம். இது எல்லா அங்குலத்துக்கும் ஒரே மாதிரி இருக்காது. 26-லிருந்து 24-க்குக் குறைத்தால் போவதைவிட, 18-லிருந்து 16-க்குக் குறைத்தால் போவது அதிகம்.

இந்த எண்களை வைத்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். நான்கு அங்குலம் வெட்டினால் நூறு அடி வேகம் போய்விடுமே என்கிறார்கள். போகும், மறுக்கவில்லை. ஆனால் அந்த நூறு அடி மலையில் எவ்வளவு என்று யாரும் மாற்றிப் பார்ப்பதில்லை.

7 மி.மீ. பி.ஆர்.சி.யையே எடுத்துக்கொள்வோம். ஹார்னடி நிறுவனம் 2022-இல் கொண்டுவந்த தோட்டா. அந்த நிறுவனத்தின் இ.எல்.டி.-எக்ஸ் என்ற வேட்டைக் குண்டு, 175 கிரெய்ன் (சுமார் 11 கிராம்) எடையுள்ளது, 24 அங்குலக் குழலிலிருந்து வினாடிக்கு 3000 அடி வேகத்தில் வெளியேறும் என்பது நிறுவனத்தின் கணக்கு. காற்றில் போகப் போக ஒவ்வொரு நூறு கஜத்துக்கும் அது சுமார் 140 அடி வேகத்தை இழக்கிறது. குழலை 20 அங்குலமாக்கினால் புறப்படும் வேகம் ஏறத்தாழ 2900 அடி. அதாவது, நீளக் குழலிலிருந்து கிளம்பிய குண்டு எழுபது கஜம் போன பிறகு எந்த வேகத்தில் இருக்குமோ, அந்த வேகத்தில் குட்டைக் குழலின் குண்டு கிளம்புகிறது. நான்கு அங்குலத்துக்கான மொத்த விலை இந்த எழுபது கஜம்தான். எழுபது கஜம் நெருங்கிப் போக முடியாதவர் வேட்டைக்குப் போகாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

குண்டு உடலுக்குள் போய் விரிந்தால்தான் விலங்கு உடனே விழும். விரிவதற்கு ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். இ.எல்.டி.-எக்ஸுக்கு அது வினாடிக்கு 1600 அடி. மேலே சொன்ன குண்டு அந்த வேகத்துக்கு இறங்க, 20 அங்குலக் குழலில் சுட்டாலும் ஆயிரம் கஜம் தாண்ட வேண்டியிருக்கும். உயிருள்ள எல்க் மேல் அவ்வளவு தூரத்திலிருந்து சுட நமக்குத் தகுதி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. எனக்கு இல்லை. ஐந்நூறு கஜத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த ஐந்நூறு கஜத்தில் என்ன வித்தியாசம் வருகிறது? இருநூறு கஜத்துக்குக் குறி சரி செய்த துப்பாக்கியில், வேகம் நூறு அடி குறைந்தால் குண்டு கூடுதலாக மூன்று அங்குலம் இறங்கும். அது முன்கூட்டியே தெரிந்த எண், ஸ்கோப்பின் திருகைத் திருப்பினால் தீர்ந்தது. மணிக்குப் பத்து மைல் பக்கக் காற்றில் குண்டு சுமார் ஒரு அடி ஒதுங்கும். குட்டைக் குழலில் அதற்கு மேல் கூடுவது அரை அங்குலத்துக்குச் சற்று அதிகம். ஆனால் காற்றை நான் பத்து மைல் என்று நினைத்து அது பதின்மூன்றாக இருந்துவிட்டால், பிழை மூன்றரை அங்குலத்தைத் தாண்டிவிடும். நீளக் குழலுக்குச் செலவழிக்கிற கவலையைக் காற்றைப் படிக்கக் கற்றுக்கொள்வதில் செலவழித்தால் ஆறு மடங்கு லாபம்.

இன்னொன்று. ஒரே நீளம், ஒரே தோட்டா, ஆனாலும் இரண்டு குழல்களுக்கு இடையே ஐம்பது அடி வேக வித்தியாசம் வருவது சாதாரணம். புதுக் குழல் முதல் நூறு, இருநூறு தோட்டாக்களுக்குள் தானாகவே கொஞ்சம் வேகம் பிடிக்கவும் செய்யும். ஒரு அங்குலத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நேராக 16 அங்குலத்துக்குத் தாவுவது அடுத்த தவறு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி சாதாரண ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கொலராடோவின் வேட்டை விதியும் அதையேதான் சொல்கிறது. அது சட்டம் போட்ட எல்லை, அவ்வளவுதான். மேக்னம் தோட்டாவில் மருந்து ஏராளம். குழல் மிகக் குட்டையானால் பெரும் அழுத்தம் மிச்சமிருக்கும்போதே குண்டு வெளியேறிவிடும். மிச்சம் முழுவதும் சத்தமாகவும் நெருப்பாகவும் முகத்துக்கு முன்னால் வெடிக்கும். காதுக்கு ஆபத்து தொடங்குவது 140 டெசிபலில். சப்ரஸர் மாட்டாத வேட்டை ரைஃபிள் 160-ஐத் தாண்டும். அதோடு, உதையைக் குறைக்க வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் மசில் பிரேக்கும் மாட்டினால் பக்கத்தில் படுத்திருக்கும் நண்பர் அடுத்த வருடம் கூட வரமாட்டார்.

குட்டைக் குழலில் போன வேகத்தைக் கூடுதல் மருந்து போட்டு மீட்கலாம் என்று சிலர் கிளம்புவார்கள். தயவுசெய்து வேண்டாம். 7 மி.மீ. பி.ஆர்.சி. சதுர அங்குலத்துக்கு 65,000 பவுண்டு அழுத்தம் வரை அனுமதிக்கப்பட்ட தோட்டா. அதற்கு மேல் தள்ள மிச்சம் எதுவும் இல்லை. வேகம் வேண்டுமென்றால் பெரிய தோட்டாவைத் தேர்ந்தெடுங்கள். குட்டைக் குழலுக்குத் தனி மருந்து தேடுவதும் பெரும்பாலும் வீண் வேலை. நீளக் குழலில் எந்த மருந்து அதிக வேகம் தந்ததோ, அநேகமாக அதுவேதான் குட்டைக் குழலிலும் தரும்.

எடைக்காகக் குழலை வெட்டுபவர்களும் உண்டு. நுனியில் முக்கால் அங்குல விட்டமுள்ள எஃகுக் குழலில் ஒரு அங்குலத்தின் எடை ஐம்பது கிராமுக்கும் குறைவு. நான்கு அங்குலம் வெட்டினால் இருநூறு கிராம்கூடத் தேறாது. தண்ணீர் பாட்டிலில் பாதியைக் குடித்துவிட்டால் அதைவிட அதிகம் குறையும். எடை எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் கையை வருத்துகிறது. நுனியில் தொங்கும் எடை ஒவ்வொரு அங்குலத்துக்கும் கூடுதலாகக் கீழே இழுக்கும்.

இப்போது நான் செய்த தவறுக்கு வருகிறேன். சப்ரஸரைக் கணக்கில் சேர்க்காமல் குழலைத் தேர்ந்தெடுத்தேன். ‘அது பிறகு வாங்குகிற சமாச்சாரம்தானே’ என்று நினைத்துவிட்டேன். 1934 முதல் இருந்துவந்த 200 டாலர் வரி 2026 ஜனவரியோடு பூஜ்யமாகிவிட்டது. பதிவு செய்யும் கட்டாயம் மட்டும் தொடர்கிறது. அதனால் இன்று ஆர்டர் கொடுக்கிற பலரும் இன்றில்லாவிட்டால் நாளை ஒன்று வாங்குவார்கள். கணக்கைப் பின்னாலிருந்து போடுவதுதான் சரி. மொத்தமாக எவ்வளவு நீளத்தைத் தூக்கிக்கொண்டு மரங்களுக்கு நடுவே நடக்க முடியும், அதில் சப்ரஸருக்கு எவ்வளவு, மிச்சம் குழலுக்கு. எனக்கு அந்த மிச்சம் 20-க்கும் 22-க்கும் இடையே வந்தது.

எல்லோருக்கும் இதே விடை வராது. வையோமிங் புல்வெளியில் பிராங்ஹார்ன் என்ற மான் போன்ற விலங்கைச் சுடுகிறவருக்குக் கிளையும் இல்லை, புதரும் இல்லை. அவர் 26 வைத்துக்கொள்ளட்டும். சப்ரஸரே வேண்டாம் என்பவருக்கு 24 நல்ல இடம். கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயமில்லாத குண்டுதான். செம்புக் குண்டுகளில் பலவும் விரிய 1800 அடி வேகமாவது கேட்கும், காற்றிலும் வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். அங்கே கூடுதலாக இரண்டு அங்குலம் வாங்குவதற்கு நிஜமான காரணம் இருக்கிறது. ஆனால் ஆயிரம் கஜப் போட்டியில் சுடுகிறவர்களின் 30 அங்குலக் குழலைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அவர்கள் துப்பாக்கியை வண்டியிலிருந்து மேஜைக்குத்தான் தூக்குகிறார்கள். ஐடஹோவில் பெருவிலங்கு வேட்டைக்கு 16 பவுண்டுக்கு மேல் எடையுள்ள ரைஃபிளே கூடாது.

‘நீளமாகவே வாங்குவோம், வேண்டாமென்றால் வெட்டிக்கொள்வோம்’ என்பது கேட்க நன்றாக இருக்கும். சாதாரண எஃகுக் குழலில் இது நடக்கும். கார்பன் ஃபைபர் சுற்றிய குழலை நினைத்த இடத்தில் வெட்ட முடியாது, இறுதி நீளத்திலேயே ஆர்டர் கொடுக்க வேண்டும். எடை குறைக்க வரிப்பள்ளம் போட்ட குழலில் பள்ளம் நுனிக்குக் கொஞ்சம் முன்னால் முடியும். வெட்டு அதன் நடுவே விழுந்தால் சப்ரஸருக்கு மரை போட இடம் இருக்காது. பரவலாகப் புழங்கும் 5/8 அங்குல மரைக்கு நுனி அதைவிடத் தடிமனாக இருக்க வேண்டும். சப்ரஸர் நேராக உட்கார ஒரு தோள் விளிம்பு அங்கே தேவை. மெல்லிய குழல் கேட்டுவிட்டு இந்த மரையும் கேட்டால் துப்பாக்கி செய்துதரும் கன்ஸ்மித் உங்களை நிமிர்ந்து பார்ப்பார். நீளம், தடிமன், மரை மூன்றையும் ஒரே நாளில் முடிவு செய்யுங்கள்.

ஆர்டர் தாளில் எழுதுவது இறுதி நீளம் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டை மூடிவிட்டு அதன் முகத்திலிருந்து குழல் வாய் வரை அளப்பதுதான் குழல் நீளம். கழற்றக்கூடிய பிரேக்கும் சப்ரஸரும் அதில் சேராது. குழல் தயாரிப்பவர் அனுப்பும் கம்பி இதைவிட நீளமாக வரும், அதில் இரு முனையிலும் கொஞ்சம் வெட்டுப்படும்.

என் கதைக்கு வந்தால், குழலை 22-க்கு வெட்டிய அந்த வயதான கன்ஸ்மித் கேட்டது ஒரே கேள்வி: “இதை வருஷத்துக்கு எத்தனை மைல் தூக்குறே, எத்தனை தடவை சுடுறே?” முந்தைய சீசனில் ஐந்து நாள், முப்பது மைலுக்கு மேல். ஒரு தோட்டாகூடச் செலவாகவில்லை. அவர் சிரிக்கவில்லை, வெட்டும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டார்.

வெட்டக் கொடுப்பதற்கு முன் அவர் சொல்லி நான் செய்த ஒரு வேலையை நீங்களும் செய்யலாம். ஹார்டுவேர் கடையில் ஒரு பிவிசி குழாய் வாங்கி, கட்டை முதல் சப்ரஸர் வரை வரப்போகிற மொத்த நீளத்துக்கு அறுத்து, முதுகுப்பையில் கட்டிக்கொண்டு ஓக் புதர்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் நடந்தேன். காரில் ஏறி இறங்கினேன், மண்டியிட்டேன், விழுந்து கிடந்த மரத்துக்கு அடியில் ஊர்ந்தேன். இடிக்கும்போதெல்லாம் ஒரு அங்குலம் அறுத்துவிட்டு மறுபடி நடந்தேன். நாலாவது முறை இடிக்கவில்லை. அந்தக் குழாய் இன்னும் கராஜில் கிடக்கிறது. புதிதாக ரைஃபிள் செய்யப்போகிற நண்பர்கள் வந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள், திருப்பித் தரும்போது கொஞ்சம் குட்டையாகத்தான் தருகிறார்கள்.