புதிய ஆயரை (கத்தோலிக்க பிஷப்பை) வரவேற்கப் பங்குச் சமூகம் ஆயத்தமாகும் முறை

உரோமையில் பொதுவாக நண்பகலில் வெளியாகும் நியமன அறிவிப்பு தஞ்சைக்குப் பிற்பகல் மூன்றரைக்கோ நான்கரைக்கோ எட்டும். அன்று மாலையே கோவில் மணியடித்து, கூடியவர்களோடு செபமாலை சொல்லுங்கள். "எந்த ஊர், என்ன ஆள்?" என்ற பேச்சு அன்பியத்தில் (பங்குக் குடும்பங்களின் சிறு குழுவில்) எழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள், நம் பங்குகளை நெடுங்காலமாக வருத்தும் புண் அது.

ஏற்கெனவே ஆயராக இருப்பவர் நியமன மடல் பெற்ற இரண்டு மாதத்துக்குள்ளும், ஆயராக அருட்பொழிவு (திருநிலைப்பாடு) பெறாதவர் நான்கு மாதத்துக்குள்ளும் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 382. அதுவரை திருப்பலியின் நற்கருணை மன்றாட்டில் அவர் பெயரை நம் ஆயராகச் சொல்லக் கூடாது.

பதாகைகளைக் குறைத்து, குறுவை பொய்த்த குடும்பங்களின் நிலை, கல்லறைத் தோட்டச் சிக்கல், படிப்பை நிறுத்திய பிள்ளைகள் ஆகியவற்றை ஒரே தாளில் தெளிவாக எழுதி, பங்குத்தந்தையின் ஒப்புதலோடு, புதிய ஆயர் முதன்முறை வரும்போது கையில் கொடுங்கள்.