சோபா, கார்ப்பெட்டில் கறையா? உப்புக்காற்று ஊர்க்காரர்கள் செய்ய வேண்டியது

ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு சோபாவைக் கறை கெடுப்பதைவிட, அந்தக் கறைமேல் அவசரத்தில் ஊற்றும் தண்ணீர்தான் அதிகம் கெடுக்கிறது. பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. அதைத் தொட்டுத் துடைத்தால் கறை போய்விடும். காய்ந்தபின் அதே இடத்தில் வெள்ளை வளையம் நிற்கும். அது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி நீர்விட்டுப் போகிறதல்லவா? காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரம் இழுக்கும். சோபாத் துணியில் தங்கிய உப்பும் அப்படித்தான். அந்த இடம் முழுசாகக் காயவே காயாது, பிறகு பூஞ்சை வரும்.

அதனால் ஆள் வைத்துச் சுத்தம் செய்யும் நாளுக்கு இடைப்பட்ட மாதங்களில் மூன்று விஷயம் முக்கியம்: கொஞ்சத் தண்ணீர், நல்ல தண்ணீர், சீக்கிரம் காயவைப்பது. எந்த லிக்விட் வாங்கலாம் என்பது அதற்கு அப்புறம்தான்.

எடுத்து வைக்க வேண்டியவை

பழைய வெள்ளை வேட்டி ஒன்றை ஆறேழு துண்டாகக் கிழித்துக்கொள்ளுங்கள். கலர் துண்டு வேண்டாம், அதன் சாயமே இறங்கிவிடும். தண்ணீர் காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ இருக்கட்டும். பாத்திரம் கழுவும் லிக்விட், வெள்ளை வினிகர், கார்ன்ஃபிளவர் அல்லது வாசனையில்லாத டால்கம் பவுடர், மெடிக்கலில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு. பெராக்சைடு பாட்டிலைப் படித்துப் பாருங்கள். நமக்குத் தேவை 3 சதவீதம். 6 சதவீதம் என்று இருந்தால் அதே அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோப்புக் கரைசலுக்கு 250 மில்லி தண்ணீரில் கால் டீஸ்பூன் லிக்விட், அவ்வளவுதான். அதிகம் ஊற்றினால் அதிகம் சுத்தமாகிவிடாது. மிச்சமிருக்கும் சோப்பு பிசுபிசுப்பாகத் தங்கி, கச்சான் காற்று கொண்டுவரும் புழுதியையெல்லாம் பிடித்துக்கொள்ளும். துடைத்த இடமே சில வாரத்தில் கறுப்பது இதனால்தான்.

பிளீச்சிங் பவுடர் கிட்டவே வர வேண்டாம். வினிகரோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். வினிகரையும் பெராக்சைடையும் ஒரே பாட்டிலில் கலக்கவும் கூடாது.

தொடுவதற்கு முன்

குஷனுக்கு அடியில் லேபிள் இருக்கிறதா பாருங்கள். 'டபிள்யூ' என்றால் தண்ணீர் படலாம். 'எஸ்' என்றால் தண்ணீர் படக்கூடாது, ஸ்பிரிட் போன்ற கரைப்பான் மட்டும். இரண்டெழுத்தும் சேர்ந்திருந்தால் இரண்டும் சரி. 'எக்ஸ்' என்றால் வேக்குவம் தவிர வேறெதுவும் வேண்டாம். ஊரில் ஆசாரியிடம் சொல்லிச் செய்த சோபாவில் லேபிள் இருக்காது. அதற்குப் பின்பக்கக் கீழ்மூலையில் கரைசலைத் தொட்டு வைத்து, பத்து நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் அழுத்துங்கள். துணியில் நிறம் ஏறினால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

தென்னங்கயிற்று மேட், சணல் விரிப்பு இரண்டையும் நனைக்காதீர்கள். நாரிலிருந்து பழுப்புச் சாறு மேலே ஏறி, இருந்த கறையைவிடப் பெரிதாகிவிடும். ரெக்சினுக்கு சோப்புத் துணியே போதும். ஸ்பிரிட் பட்டால் மேல்பூச்சு போய்விடும்.

எல்லாக் கறைக்கும் பொதுவான வரிசை

1. முதலில் மணலை எடுங்கள். காய்ந்தபடியே வேக்குவம் போடுங்கள், இல்லையென்றால் மெல்லிய பிரஷால் தட்டுங்கள். மணலோடு ஈரத்துணியைப் போட்டால் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதற்குச் சமம், நூல் அறுபடும்.

2. கெட்டியாகக் கிடப்பதை ஸ்பூனால் வழியுங்கள். திரவத்தைக் காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

3. கரைசலைக் கறைமேல் ஊற்றாதீர்கள், துணியில் தொட்டுக்கொள்ளுங்கள். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். நடுவிலிருந்து வெளியே போனால் கறை பரவும். தேய்த்தால் உள்ளே இறங்கும், துணியில் பிசிறும் எழும்.

4. நல்ல தண்ணீர் தொட்ட வேறு துணியால் மூன்று முறையாவது ஒற்றுங்கள். பெரும்பாலானோர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான்.

5. காய்ந்த துணியை நாலாக மடித்து வைத்து, மேலே ஒரு பாலிதீன் கவர், அதன்மேல் கனமாக ஏதாவது. வேலையில்லாமல் கிடக்கும் அம்மிக்குழவிக்கு இப்போது வேலை வந்துவிட்டது! இரவு முழுக்க இருக்கட்டும். ஆழத்தில் இருக்கும் கறை காயும்போது ஈரத்தோடு மேலே ஏறிவரும். இப்படி வைத்தால் அது துணிக்கு வந்துவிடும். "நேற்றுப் போன கறை இன்று திரும்ப வந்துவிட்டது" என்பதற்கு, கறை இப்படி மேலே ஏறிவருவதுதான் காரணம்.

6. பிறகு டேபிள் ஃபேனை நேராகத் திருப்பி மூன்று நான்கு மணி நேரம். குஷனைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். இந்தக் காயவைக்கும் வேலையைக் காலையிலேயே தொடங்குங்கள். மாலையில் ஈரக்காற்று ஏறியபின் தொடங்கினால் மறுநாளும் ஈரமாகவே இருக்கும்.

மீன்குழம்பு

ஒரே கறையில் எண்ணெய், மஞ்சள், நாற்றம் என்று மூன்று சேர்ந்திருக்கிறது. மூன்றுக்கும் ஒரே மருந்து இல்லை.

எண்ணெயிலிருந்து தொடங்குங்கள். கார்ன்ஃபிளவரையோ டால்கம் பவுடரையோ தூவி 15 நிமிடம் விட்டு எடுத்தால் பாதி எண்ணெய் அதிலேயே வந்துவிடும். அப்புறம் சோப்புக் கரைசல். துணி சோப்போ சமையல் சோடாவோ போட்டால் மஞ்சள் திடீரென்று செக்கச்செவேல் என்று ஆகும். பயப்படாதீர்கள். மஞ்சளின் நிறமி காரத்தில் சிவக்கும், வினிகர் தொட்டால் திரும்ப மஞ்சளாகும். நிறம் மாறியதே தவிர எதுவும் போகவில்லை, எதுவும் கெடவும் இல்லை. அந்த நிறமி தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். ஆகவே சோப்புக்குப் பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒற்றி, துணியை இடம் மாற்றிக்கொண்டே இருங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், விளக்கு, ஊதுபத்தி பக்கத்தில் வேண்டாம். வெளிர்நிறத் துணியாக இருந்து இன்னும் நிழல் தெரிந்தால், 3 சதவீதப் பெராக்சைடைத் தொட்டுப் பத்து நிமிடம் வைத்து, தண்ணீரால் ஒற்றி எடுங்கள். கம்பளிக்கும் அடர்நிறத்துக்கும் இது வேண்டாம். உறையைக் கழற்ற முடியுமென்றால் இத்தனை பாடே தேவையில்லை. அலசி, நனைந்தபடியே வெயிலில் போடுங்கள். மஞ்சளுக்கு வெயில்போல எமன் கிடையாது.

நாற்றத்துக்கு ஒரு பங்கு வினிகரும் இரண்டு பங்கு தண்ணீரும். மீன் வாடை தரும் பொருள் காரத்தன்மை கொண்டது. அமிலம் அதைப் பிடித்து நிறுத்திவிடும். வினிகர் வாடை காய்ந்ததும் போய்விடும்.

மற்றவை சுருக்கமாக

டீக்கு சோப்பு, பிறகு அதே வினிகர் கலவை. ரத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் மட்டும், சூடு பட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளும். கருப்பட்டிக் காப்பி கொட்டினால் வெதுவெதுப்பான தண்ணீரில் இனிப்பு போகும்வரை ஒற்றுங்கள், இல்லையென்றால் எறும்பு காட்டிக்கொடுத்துவிடும். தலை சாயும் இடத்தில் தேங்காய் எண்ணெய் என்றால் பவுடர், அப்புறம் ஸ்பிரிட், அதற்கப்புறம் அங்கே ஒரு துண்டைப் போட்டுவிடுங்கள். மருதாணி ஊறிவிட்டால் ஆசையை விட்டுவிடலாம். இரும்புக் கால் துருவுக்கு எலுமிச்சைச் சாறு தொட்டுப் பார்க்கலாம். எலுமிச்சையோடு உப்பும் சேர் என்பார்கள். இந்த ஊரில் அது வேண்டாம், காரணம் முதலிலேயே சொல்லியாயிற்று.

ஆளைக் கூப்பிட வேண்டிய நேரம்

மூன்று முறை செய்தும் போகாத கறை, ஃபோம்வரை இறங்கிய சிறுநீர், வீட்டுக்குள் வந்த மழைவெள்ளம், உள்ளிருந்து வரும் பூஞ்சை வாடை. இதற்கெல்லாம் மேலே துடைத்துப் பலனில்லை. வருகிறவரிடம் நீங்கள் ஏற்கெனவே என்னென்ன போட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். வருடாந்திரச் சுத்தத்தை ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வைக்காமல் பொங்கல் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் மெஷினில் எந்தத் தண்ணீரை ஊற்றப்போகிறார் என்று கேளுங்கள். போர் தண்ணீர் என்றால் இரண்டு குடம் நல்ல தண்ணீரை நீங்களே எடுத்துக் கொடுங்கள்.